செல்வி சுப்பராயன்

பிள்ளைப்பாக்கம்
10.2.91

மண்ணாங்கட்டி என்கிற வினோதினிக்கு உன் தாத்தா பொன்னுரங்கம் எழுதறது. இங்க நானு, உங்கம்மா பங்கஜம், கறவ மாடு மூணு பேரும் சவுக்கியம். என் முட்டி மட்டும் தனிக்குடித்தனம் போவணும்னு சொல்லிகினு கீது. உன் ஒடம்பு எப்டி கீதுன்னு எழுது.

நாலு வருசமா கோயமுத்தூர் விவசாயக் காலேஜுல குந்திகினு மண்ண மோந்து பாக்கப் படிச்சே. இப்ப வெளிநாட்டு மண்ணையும் மோந்து பாக்கணும்னு எழுதிக்கீறே. ஏன், நம்மூரு மண்ணு இன்னா பாவம் பண்ணுச்சி? உனக்கு மண்ணாங்கட்டின்னு பேர் வெச்ச என்னைச் சொல்லணும்.

போவறதுதான் போறே, எந்த ஊருக்குன்னு தெளிவா எழுது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுல நம்ம சைக்கிள் ஸ்டாண்டுக்கு வர்றவன்லாம் ஆளுக்கொரு நாடு சொல்றான். கம்பெனி பஸ்ஸுக்குப் போற பையன் ஒருத்தன் ஜெர்மனின்றான். டிக்கெட் செக்கர் லண்டன்றான். டீக்கடைக்காரன் மட்டும், ‘எங்கனா போவட்டும், அங்க டீ நல்லா இருக்காது’ன்றான். எனக்கு அதான் பெரிய கவல.

உங்கம்மா ஒண்ணும் பேசல. பேசாம இருந்தா இன்னா அர்த்தம்னு உனக்கே தெரியும்.

பதில் போடு. தலைக்கு எண்ண வை.

இப்படிக்கு உன் தாத்தா.


கோயமுத்தூர்
24.2.91

அன்புள்ள தாத்தாவுக்கு வினோதினி வணக்கம் சொல்லி எழுதுவது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்க்க வேண்டும், பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது.

நாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். லண்டனில் மேல்படிப்பு ஒரே வருஷம்தான், ஆனால் முழுச் செலவும் நாமே போட வேண்டும். அதனால் அது இல்லை. ஜெர்மனியில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் முதலில் அவர்கள் மொழியைக் கற்க வேண்டும். அமெரிக்காவில், பேராசிரியருடைய ஆராய்ச்சியில் உதவியாக வேலை செய்தால் அவர்களே படிக்க வைத்துச் சாப்பாட்டுக்கும் கொடுப்பார்கள். எங்கள் சத்யப்பிரியா மேடம் படித்த யுனிவர்சிட்டிக்கு மட்டும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். மற்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கவே டாலர் வேண்டும். வங்கியில் டாலர் என்றால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அங்கே மட்டும் மேடத்துக்காக அந்தக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஆகவே எனக்கு இருப்பது ஒரே கதவு.

கோடையில் விடுதியை மூடிவிடுவார்கள். ஆராய்ச்சி வேலை முடியும் வரை தோழி ஷெர்லின் வீட்டில் இருப்பேன். அதனால் விண்ணப்பத்தில் பிள்ளைப்பாக்கம் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன். மே மாதம் பதில் வரும். தபால்காரர் பாண்டுரங்கன் அண்ணனிடம் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. அப்பா மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நீங்கள் ‘அவன்’ என்கிறீர்கள், அம்மா ‘அவங்க’ என்கிறாள். வீட்டில் அவர் பெயரே யார் வாயிலும் வருவதில்லை. இங்கே மண் பரிசோதனை செய்யும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது. நான் மேலே படிக்கப் போவது தெரிந்திருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார் இல்லையா?

அம்மாவுக்கு இதை முழுதாகப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் அன்புப் பேத்தி,
வினோதினி.


பிள்ளைப்பாக்கம்
15.3.91

மண்ணு டாக்டருக்கு தாத்தா எழுதறது. தைலம் வந்துது. மாடு நக்கிப் பாத்துது, அதுக்குப் புடிச்சிக்கீது. மத்தபடி எல்லாரும் நல்லா கீறோம்.

ஜெர்மனிய வுட்டது நல்லதாச்சி. மொழியக் கத்துகினு அப்பால படிக்கணுமாம். நம்ம ஊர்லயே நான் அஞ்சாம் க்ளாஸோட நின்னதுக்குக் காரணம் அந்த வாத்தியார் பேசின மொழிதான்.

பாண்டுரங்கன்கிட்ட சொல்லிட்டேன். ‘வினோதினின்னு பேர் போட்டு தபால் வந்தா மழையா இருந்தாலும் கொண்டாந்துடு, வேற எவன் பேர் போட்டு வந்தாலும் மெதுவா வா’ன்னேன். ‘சரி பெரியவரே’ன்னான்.

உங்கம்மா பேச ஆரம்பிச்சிட்டா. ‘வேளாண்மை ஆபீசர் பரீட்ச எழுதிட்டு காஞ்சிபுரத்துல குந்தினா ஆவாதா?’ன்னு கேக்கறா. கடைசியில ஒரு முடிவுக்கு வந்துக்கீறா. இந்த வருசம் எடம் கெடச்சா நீ போவலாம். கெடைக்கலன்னா அடுத்த வருசம்னு இழுக்கக் கூடாது. வேலூர்லருந்து கேட்டுகினு கீற மாப்புள வூட்டுக்குப் பதில் சொல்லிடுவா. புள்ளையாண்டான் பாக்கறதுக்கு லட்சணமா கீறான். பேசினாத்தான் கொஞ்சம் கஷ்டம்.

வேற விசேஷம் இல்ல. வெயிலு ஜாஸ்தி. மோரு குடி.

தாத்தா.


கோயமுத்தூர்
3.6.91

அன்புள்ள தாத்தாவுக்கு, நீங்களும் அம்மாவும் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன மாதம் நம் ஊர்ப் பக்கம் அந்தக் குண்டு வெடித்ததிலிருந்து பேப்பரைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இங்கே நான் ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நீங்கள் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போக வேண்டாம்.

யுனிவர்சிட்டியிலிருந்து ஏதாவது வந்ததா? மேடத்தின் பழைய மாணவன் ஒருவனுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே வந்துவிட்டதாம். எடுத்துக்கொள்கிறேன் என்று நான் ஜூன் முடிவதற்குள் எழுதவில்லை என்றால் அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் வேலூர்தான். எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் இல்லை தாத்தா. ஆனால் எனக்குப் படிக்க வேண்டும்.

உடனே பதில் எழுதுங்கள்.

வினோதினி.


பிள்ளைப்பாக்கம்
14.6.91

வினோதினிக்கு தாத்தா எழுதறது. உசுரோட, ஒடம்பு முழுசா கீறோம். நீ வேளைக்குத் தின்னு.

இங்க நடந்தது ஒலகத்துக்கே தெரியும், நான் வேற எழுதணுமா. ரோட்டுல நடந்தா போலீசு, குந்தினா போலீசு. லாட்ஜுல ஒரு ரூம் பாக்கி இல்ல, எல்லாத்தையும் தொறந்து பாத்துட்டாங்க. நம்ம ஸ்டாண்டுல எவனோ ஒரு சைக்கிள வுட்டுட்டு எடுக்கவே வரல. அதுக்கு என்னைக் கூட்டுகினு போயி குந்த வெச்சாங்க. ‘யாருது?’ன்னாரு இன்ஸ்பெக்டரு. ‘தெரியாது சார்’ன்னேன். ‘பேராவது தெரியுமா?’ன்னாரு. ‘ஹெர்குலிஸ்’னேன். சைக்கிள்மேல அதான் எழுதிக்கீது. அவரு சிரிக்கல. நானும் சிரிக்காம வூட்டுக்கு வந்துட்டேன். அதுலருந்து கொஞ்சம் உஷாரா கீறேன்.

உனக்குத் தபால் எதுவும் வரல. பாண்டுரங்கன் ஒண்ணு எடுத்துகினு வந்தான், அது உனுது இல்ல. வேண்டாத சமாச்சாரம். திருப்பி அனுப்பிட்டேன். உனுது வந்தா நானே பஸ் ஏறி எடுத்தாந்து குடுக்கறேன், கவலப்படாத.

மாடு கன்னு போட்டுச்சி. பொட்டக் கன்னு. உன் மூக்கு.

தாத்தா.


கோயமுத்தூர்
27.7.91

அன்புள்ள தாத்தாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலம் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றிக் கேட்டால், ஒரு நாட்டைப் பொறுத்தவரை நான் செத்துப்போய்விட்டேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வாரம் சத்யப்பிரியா மேடத்துக்கு அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. ‘நீங்கள் பரிந்துரைத்த செல்வி சுப்பராயன் காலமான செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறோம். அவரது இடத்தை வேறொருவருக்கு வழங்கியிருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறார்கள். மேடம் படித்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. அங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் அதற்குத் தனிக் கட்டம் இருந்தது. நமக்கு ஏது அது? எல்லோரும் செய்வதுபோல நானும் அப்பா பெயரைப் போட்டேன். அவர்கள் ஆளைக் கூப்பிடுவது அந்தப் பெயரால்தான். எனக்கு இடம் கொடுத்து அவர்கள் அனுப்பிய கடிதத்தின் மேல் ‘சுப்பராயன், பிள்ளைப்பாக்கம்’ என்றுதான் இருந்திருக்கிறது. அது ‘இறந்துவிட்டார்’ என்ற குறிப்போடு அவர்களிடமே திரும்பிப் போயிருக்கிறது.

தாத்தா, நீங்கள் ஜூன் மாதம் எழுதிய வேண்டாத சமாச்சாரம் அதுதானா?

மேடம் உடனே ஃபேக்ஸ் அனுப்பினார். அவர்கள் நல்லவர்கள். ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு இன்னொரு இடம் இருக்கிறதாம். ஆனால் அலுவலகத்தில் என்னை இறந்தவள் என்று பதிந்துவிட்டதால், இறந்த சுப்பராயன் என் அப்பா, நான் வேறு ஆள் என்று காட்ட வேண்டும். கல்லூரி முதல்வர் கடிதம் தருகிறார். அதோடு அப்பாவின் இறப்புச் சான்றிதழும் வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் போய்ச்சேர வேண்டும்.

அதை உடனே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வினோதினி.


கோயமுத்தூர்
16.8.91

அன்புள்ள தாத்தாவுக்கு, நலமா? பதில் வரவில்லை. நீங்கள் பதில் எழுதாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

நேற்று நம் எதிர் வீட்டு ஃபோனுக்கு அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். அப்பாவின் சான்றிதழ் நம் வீட்டில் இல்லவே இல்லையாம். கிராமத்தில் பதிவு செய்தார்களாம், ஆனால் நகல் கேட்டு நாம் யாரும் போகவில்லையாம். விதவைப் பென்ஷனுக்காக அம்மா கேட்டபோதெல்லாம் நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவீர்களாம். ரேஷன் கார்டில்கூட அப்பா பெயர் அப்படியே இருக்கிறதாம்.

எனக்குக் கோபம் இல்லை. உங்களால் முடியாது என்றால் சொல்லுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

வினோதினி.


பிள்ளைப்பாக்கம்
22.8.91

வினோதினிக்கு தாத்தா எழுதறது. ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. கன்னுக்குட்டி நல்லா துள்ளுது. ஒரகடம் ரோட்டுல எவனோ நெலம் அளந்துகினு போறான், எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றான். ஏரியில தண்ணி இல்ல. இதெல்லாம் உனக்கு எதுக்குன்னு கேப்ப. எனக்கும் தெரியல, எழுதிகினு கீறேன்.

அன்னிக்குக் காலைல மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருந்தேன். பாண்டுரங்கன் வந்து சைக்கிள்லருந்து எறங்காம நின்னான். ‘பெரியவரே, உங்க புள்ள பேர்ல வெளிநாட்டுத் தபால்’னான். மொதநாள்தான் போலீஸ்காரங்க என்னைக் குந்த வெச்சி அனுப்பிச்சாங்க. இல்லாத ஆளு பேர்ல வெளிநாட்டுலருந்து தபால் வந்துச்சின்னா எவன் சும்மா வுடுவான்? ‘இது இன்னாய்யா வம்பு, ஆளு இல்லன்னு எழுதி அனுப்பு’ன்னேன். அவன் பேனாவ எடுத்து தபால் ஆபீசு பாஷையில எழுதினான்.

போலீசுக்குப் பயந்துட்டேன்னுதான் பாண்டுரங்கன் நெனச்சிகினு கீறான். நெனச்சிகினு போவட்டும். அந்தத் தபால நான் கையால தொடல. அவன் பேரு மேலாக்க இருந்துது.

நீ வர வாணாம். ரயிலுக்கு நிக்காத, படிக்கற வேலயப் பாரு. அவன் எனக்குப் புள்ள. நான்தான் போவணும்.

தாத்தா.


பிள்ளைப்பாக்கம்
9.9.91

மண்ணாங்கட்டிக்கு தாத்தா எழுதறது. இங்க சொகம். இதோட நீ கேட்டது கீது. மடிக்காம அனுப்புன்னு பாண்டுரங்கன் அட்ட வெச்சிக் கட்டிக் குடுத்தான். அந்தத் தபால் உனுதுன்னு தெரிஞ்சப்பறம் அவனும் ஒரு வாரமா என் மூஞ்சியப் பாக்காம சுத்திகினு இருந்தான், இப்ப பேசறான்.

தாலுக்கா ஆபீசுக்கு வெள்ள வேட்டி கட்டிகினு போனேன். உங்கம்மா, ‘பொண்ணு பாக்கவா போறீங்க?’ன்னு கேட்டா. அவ அந்த மாதிரி பேசி ரெண்டு வருசம் ஆச்சி.

அங்க கிளார்க்கு பேரு உதயசூரியன். சின்ன வயசுப் புள்ள. ‘இன்னா வேணும் பெரியவரே?’ன்னான். ‘என் பேத்தி உயிரோட கீறான்னு காட்டணும், அதுக்கு ஒரு இறப்புச் சான்றிதழ் குடு’ன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தான். விவரத்தச் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரங்கல்லாம் எழுந்து வந்து கேட்டாங்க. அமெரிக்காக்காரனுக்குப் பொம்பளப் புள்ளைக்கும் அப்பனுக்கும் வித்தியாசம் தெரியலன்னு சொல்லி நல்லா சிரிக்க வெச்சேன். நானும் சிரிச்சேன்.

அப்பால அவன் பேனாவத் தொறந்தான். ‘இறந்தவர் பேரு?’ன்னான்.

வாய்ல வெத்தல இருந்துது. துப்பிட்டு வரேன்னு வெளிய போனேன். மரத்தாண்ட துப்பி, வாயக் கொப்புளிச்சேன். திரும்பி வந்து சொன்னேன்.

‘அப்பா பேரு?’ன்னான். ‘உன் எதுர்லதான் குந்திகினு கீறான், எழுதிக்கோ’ன்னேன். எழுதினான். ‘வயசு?’ன்னான். நாப்பத்தி நாலுன்னேன். எழுதிட்டு பழைய பதிவு நோட்டப் பாத்தான். ‘எம்பத்தொம்போதுல நாப்பத்தி நாலா பெரியவரே?’ன்னான். ‘இல்லப்பா, அப்ப நாப்பத்தி ரெண்டு. இப்ப நாப்பத்தி நாலு’ன்னேன்.

அவன் பேனாவக் கீழ வெச்சான். ‘பெரியவரே, அதுக்கு மேல அவருக்கு வயசு ஏறாது’ன்னு மெதுவா சொன்னான்.

ஏறிகினுதான் இருந்துது மண்ணாங்கட்டி. போன சித்திரைக்குக்கூட ஒண்ணு ஏறுச்சி.

நாப்பத்தி ரெண்டுன்னே போட்டுக்கோன்னு சொல்லி கையெழுத்து போட்டேன். போட்டுட்டு எழுந்திரிக்கல. முட்டி. அவன்தான் கை குடுத்து தூக்கி வுட்டான்.

உங்கம்மாவுக்கும் ஒரு நகல் வாங்கிட்டேன், அந்தப் பென்ஷனுக்கு.

வந்து சேந்துச்சான்னு ஒரு கார்டு போடு.

தாத்தா.


கோயமுத்தூர்
18.11.91

அன்புள்ள தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் வினோதினி வணக்கம்.

நீங்கள் அனுப்பியதை நான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகுதான் மேடத்திடம் கொடுத்தேன். பதில் இன்றைக்கு வந்திருக்கிறது. இடம் கொடுத்துவிட்டார்கள். ஜனவரி முதல் வாரம் அங்கே இருக்க வேண்டும். டிசம்பர் ஐந்தாம் தேதி வீட்டுக்கு வருகிறேன். அம்மாவோடு இருந்துவிட்டு, மெட்ராஸில் விசா வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும்.

வேலூர்க்காரர்களிடம் அம்மா மரியாதையாகச் சொல்லிவிடட்டும்.

யுனிவர்சிட்டிக் கடிதத்தில் முதல் வரி இது. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்: ‘செல்வி சுப்பராயன் உயிருடன் இருக்கிறார் என்பதை அறிந்து மகிழ்ச்சி அடைகிறோம்.’

மேடம் இதைப் படித்துவிட்டுச் சிரித்தார். நானும் அவரோடு சிரிக்கத்தான் தொடங்கினேன்.

இங்கே மழை. அங்கே எப்படி? இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினோதினி.


பிள்ளைப்பாக்கம்
25.11.91

வினோதினிக்கு தாத்தா எழுதறது. இங்கயும் நல்ல மழ. ஏரிக்குத் தண்ணி வருது. கன்னுக்குட்டி நனஞ்சிகினு நிக்குது, உள்ள இழுத்தா வர மாட்டேன்னுது.

அமெரிக்காக்காரனுக்கு என் நன்றியச் சொல்லு. அந்தக் குளுருல கால்ல சாக்சு போடு. அங்க மண்ணு எப்டி கீதுன்னு பாத்து எழுது. நல்லா இல்லன்னா சும்மா நல்லா கீதுன்னு எழுதாத, எனக்குத் தெரிஞ்சிடும். டீயப் பத்தியும் டீக்கடைக்காரன் கேட்டுகினு கீறான். வேலூருக்கு உங்கம்மாவே ஆள் அனுப்பிட்டா.

உன் கடிதாசி வந்தப்போ அவ அடுப்பாண்ட நின்னுகினு இருந்தா. மொத்தத்தையும் படிச்சிக் காட்டினேன். அந்த வரி வந்துது. எழுதிக்கீறபடியே ஒருதபா படிச்சேன். அப்பால மொத வார்த்தைய வுட்டுட்டு இன்னொருதபா படிச்சேன். சுப்பராயன் உயிருடன் இருக்கிறார் என்பதை அறிந்து மகிழ்ச்சி அடைகிறோம்.

உங்கம்மா திரும்பிப் பாக்கல. கரண்டிய மட்டும் கீழ வெச்சா. ‘மாமா, அதையே இன்னொருதபா படிங்க’ன்னா.

படிச்சேன்.

அஞ்சாம் தேதி எந்த பஸ்ஸுன்னு எழுது, ஸ்டாண்டுலயே இருக்கேன்.

இப்படிக்கு,
சுப்பராயன் அப்பா பொன்னுரங்கம்.